ரைட்டர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை

திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பத்திர எழுத்தரிடம் நான் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஊரில் எல்லோரும் அவரை ரைட்டர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே எங்கள் அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ரைட்டருக்குக் கை வைத்த நாற்காலி, வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. வயலை விற்றாலும் வாங்கினாலும், அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலும், பெண்ணுக்கு மனை எழுதி வைத்தாலும் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

ரைட்டர் பத்திரம் சொல்வதைக் கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்வார். "எழுதிக்கம்மா" என்று ஆரம்பித்தால் மூச்சு விடாமல் போவார். "சர்வ சுதந்திர பாத்தியங்களுடனும், தானாதி விநியோக விக்கிரய சுதந்திரங்களுடனும், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்கிற இடம் வரும்போது குரல் தழைந்து, கை தானாக மார்புக்குப் போகும். பெஞ்சில் இருப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்பார்கள்.

சொல்கிற அவருக்குச் சுகம். அடிக்கிற எனக்குத்தான் தோள்பட்டை போயிற்று. ஆள் மாறும், சர்வே நம்பர் மாறும், நான்கு எல்லை மாறும், மற்றபடி எல்லாப் பத்திரமும் ஒன்றுதான். பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளலாமே என்றால் ரைட்டர் விடமாட்டார். வேறு எங்கோ ஒருவர் அப்படி ஒட்டப்போய், பழைய ஆளின் பெயர் ஒரு மூலையில் தங்கிவிட்டதாம். "செத்துப் போனவன் கிழக்கு எல்லையில வந்து நிக்கிறான்மா! வேணவே வேணாம்" என்பார். ஒவ்வொரு பத்திரமும் வெள்ளைப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் அறையின் சட்டம்.

தோளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா, "ஒரே மாதிரி அடிக்கிறதக் குறைங்க" என்றார். ஒரே மாதிரி அடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே என்று நான் அவரிடம் சொல்லவில்லை. தைலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கு முன்பே ரைட்டருக்குத் தெரியாமல் இரண்டு இலவசச் சாமான்களைக் கம்ப்யூட்டரில் இறக்கியிருந்தேன். ஒன்று, எழுத்துரு மாற்றி. முன்பெல்லாம் அடித்து வைத்த கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ தெரியும். அதை இந்த மாற்றியில் போட்டால் மறுபக்கம் நல்ல தமிழாக வந்து விழும். இன்னொன்று, கோப்பு தேடித் தருவது. எங்கள் கம்ப்யூட்டரில் "கடைசி", "புதுக் கடைசி", "இதுதான் கடைசி" என்று எனக்கு முன்பிருந்தவர் பெயர் வைத்துவிட்டுப் போன கோப்புகள் கோரைப்புல் மாதிரி மண்டிக் கிடந்தன. வாய்க்கால் பெயரில் பாதியை அடித்தால் போதும், அந்த வாய்க்கால் வருகிற பத்திரத்தையெல்லாம் எடுத்து நீட்டும். முன்பு அரைப்பொழுது தேடியதை இப்போது உடனே எடுத்துக் கொடுக்கிறேனே, எப்படி என்று ரைட்டர் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அனுபவம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

மூன்றாவதாக நான் கண்டுபிடித்ததைத்தான் அவரிடம் சொல்லாமல் வைக்க முடியவில்லை. அதில் நீளமான வாசகம் எதையாவது கொடுத்து, அதற்கு இரண்டு மூன்று எழுத்தில் ஒரு ஷார்ட்கட் வைத்துவிட வேண்டும். அப்புறம் அந்த எழுத்தை அடித்த மாத்திரத்தில், அடித்தது மறைந்து முழு வாசகமும் வந்து நிற்கும். பழைய பத்திரம் எதையும் திறக்க வேண்டியதில்லை என்பதால், செத்துப் போனவர் யாரும் எல்லைக்குள் வர முடியாது.

ரைட்டரிடம் சொன்னேன்.

"என்ன வெலைம்மா?"

"இலவசம் சார்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சும்மா எவன் குடுப்பான்?"

"செஞ்சவங்களே குடுக்கிறாங்க சார். யார் வேணாலும் எடுத்துக்கலாம்."

"பிரதிபலன் இல்லாம ஒரு சொத்து கைமாறுதுன்னா அது தான செட்டில்மெண்ட். ரத்தத்துல சொந்தம்னா புரியுது. அவனுக்கும் நமக்கும் என்னம்மா உறவு?"

"தெரியல சார். யாரு, எந்த நாடுன்னே தெரியல."

"பேர் தெரியாதவன் எழுதிக் குடுத்தா செல்லுமா? நாளைக்கு வந்து ரத்து பண்றேன்னா என்ன பண்ணுவே? மூலப் பத்திரம் இருக்கா?"

இருந்தது. உரிமம் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருந்தது. எல்லோரும் படிக்காமல் கீழே 'சம்மதம்' என்று தட்டிவிட்டுப் போகிற பக்கம். ரைட்டர் அதை அச்செடுக்கச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்தார். உலகத்தில் அந்தப் பக்கத்தை முழுவதும் படித்த மிகச் சிலரில் எங்கள் ரைட்டரும் ஒருவராக இருக்கவேண்டும். அதை எழுதியவர்கள் நேரில் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்கள்.

பாதியில் அவர் முகம் மாறியது.

"ஏம்மா, இங்க பாரு. 'உள்ளது உள்ளபடி'ங்கிறான். எந்த உத்தரவாதமும் கிடையாதாம். இதனால என்ன நஷ்டம் வந்தாலும் அவன் பொறுப்பில்லையாம். குடுக்கும்போதே கையக் கழுவிட்டானேம்மா!"

"இலவசமா குடுக்கிறாங்கல்ல சார்."

"நான் இப்படி ஒரு பத்திரம் எழுதுனா வாங்குறவன் என்னய சும்மா விடுவானா?" மறுபடியும் படித்தார். கடைசியில் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. ஒளிவு மறைவு இல்லாம எழுதியிருக்கான். நம்பலாம். வச்சுப் பாரு."

அன்றைக்கே ரைட்டர் வழக்கமாகச் சொல்கிற வாசகங்களுக்கெல்லாம் ஷார்ட்கட் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆய்த எழுத்தைப் போட்டுக்கொண்டேன். தமிழில் யாரும் சீண்டாத எழுத்து அது. தெரியாத்தனமாக அடித்துவிட வழியில்லை. ஆய்தம் போட்டு 'பு' என்றால் புத்திர பௌத்திரம் முழுதும் வரும். ஆய்தம் போட்டு 'வி' என்றால் வில்லங்கப் பாரா வரும்.

அடுத்த நாள் வந்தவர் ஒரு விவசாயி. மேற்கே ஒரு கிராமம். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. கூட அவர் மகள், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்த வயலில் இவர் இத்தனை வருஷம் கூலிக்கு நாற்று நட்டாரோ, அந்த வயலையே மகள் இப்போது அப்பா பெயருக்கு வாங்குகிறாள். விற்கிற குடும்பம் பெங்களூரில். அவர்கள் மறுநாள் பதிவுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் அனுப்பிய குறிப்பைப் பார்த்துப் பெயர், சர்வே நம்பர், எல்லையெல்லாம் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தேன்.

ரைட்டர் கண்ணை மூடினார். "எழுதிக்கம்மா" என்றார். "மேற்படி சொத்தை இன்று முதல் தாங்களே..."

அவர் "சர்வ சுதந்திர" என்று வாயெடுப்பதற்குள் நான் புத்திர பௌத்திரத்தைத் தாண்டி வில்லங்கத்துக்கு வந்துவிட்டேன். அவர் பௌத்திரர்களுக்கு வரும்போது பிரிண்டர் இரைய ஆரம்பித்தது. ரைட்டர் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா சத்தம்?"

"பத்திரம் வருது சார்."

"நான் இன்னும் சொல்லிக்கிட்டுல்ல இருக்கேன்?"

பிரிண்டர் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. விவசாயி என்னைப் பார்த்தார், பிரிண்டரைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"அவ்வளவுதானாங்க?" என்று கேட்டார். "முடிஞ்சிபோச்சா?"

"முடிஞ்சிச்சுப்பா. கம்ப்யூட்டர்ல சீக்கிரம் ஆயிடுச்சு" என்றாள் மகள்.

"இல்ல, சரியாத்தான் இருக்கும்..." துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "டீ கூட இன்னும் வரலையே."

அவருக்குக் குறையாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. காலையில் குளித்து, விபூதி பூசி, புதுத் துண்டு போட்டுக்கொண்டு வந்த மனிதர். அவர் வாழ்க்கையின் பெரிய விஷயம், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமையில் இருந்த எனக்கு, எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரைட்டர்தான் எழுந்தார். தாளை எடுத்தார். நாற்காலியை விட்டுவிட்டு பெஞ்சில் விவசாயிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அய்யா, அடிக்கிறதுதான் முடிஞ்சிச்சு. படிக்கணும்ல? முழுசாப் படிக்கிறேன், கேளுங்க. எங்க சந்தேகம்னாலும் நிறுத்துங்க" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் ஒரு பத்திரத்தை வாங்குகிறவருக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டி நான் பார்த்ததில்லை. நேரமிருக்காது. நான் அடித்து முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். அன்று படித்தார். எல்லைகள் வந்தபோது விவசாயி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தெற்கு எல்லை வந்ததும் கையைத் தூக்கினார்.

"அது பாசன வாய்க்கால் இல்லீங்க. வடிகால். பாசனம் வடக்காலதான் வருது."

விற்கிறவர்கள் கொடுத்த குறிப்பிலேயே அப்படித்தான் இருந்தது. பெங்களூருக்குப் போன் போட்டு, வரைபடத்தையும் பார்த்துத் திருத்தினோம். ரைட்டர் திரும்ப முதலிலிருந்து படித்தார். புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்கிற இடத்தில் விவசாயி, "அப்படின்னா?" என்றார்.

"உங்களுக்குப் பின்னாடி உங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, அவுங்க பிள்ளைங்க. எல்லாரும் வச்சு ஆளலாம். யாரும் கேக்க முடியாது."

"யாரும் கேக்க முடியாதா?"

"முடியாது."

"இன்னொரு தடவ படிங்க" என்றார் அவர். ரைட்டர் படித்தார். நர்ஸ் மகள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ரைட்டர் என்னிடம், "அந்தப் பேர் தெரியாத ஆளு நல்லா இருக்கட்டும்மா" என்றார். அன்றிலிருந்து எங்கள் அறையில் நான் அடிப்பேன், அவர் படிப்பார். வருகிறவர்கள் திருப்தியாகப் போனார்கள். என் தோளும் மெல்லச் சரியாகிக்கொண்டு வந்தது. கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ரைட்டருக்கு அந்த ஷார்ட்கட் மேல் ஆசை வந்துவிட்டது.

அதுவரை கம்ப்யூட்டரைத் தொடாதவர், மத்தியானத்தில் என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து பழகினார். ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்றுதான். நெற்குவியலில் கல் பொறுக்குவது மாதிரி எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடிக் குத்துவார். கண் விசைப்பலகையை விட்டு அகலாது. தானாகவே ஷார்ட்கட் வைக்கவும் கற்றுக்கொண்டார். யாராவது போனில் கேட்டால், "இப்பத்தாங்க ஒரு ஷார்ட்கட் போட்டேன்" என்று ரோடு போட்ட கவுன்சிலர் மாதிரி சொல்வார்.

"சார், முன்னாடி ஆய்தம் போட்டுக்கணும். மறந்துடாதீங்க" என்று சொன்னேன்.

"அந்த மூணு புள்ளிய எங்கன்னு தேடுறது? அது இல்லாமலே நல்லாத்தாம்மா வேல செய்யுது" என்றார்.

வேலை செய்யத்தான் செய்யும். எங்கே வேண்டுமானாலும் செய்யும் என்பதுதான் சிக்கல். அதை நான் விளக்குவதற்குள் டீ வந்துவிட்டது.

ஆவணி மாதத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஒரே பெண், சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை வீடு திருவையாறு. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அளந்து பேசுகிற மனிதர். பத்திரிகை வாசகத்தை அச்சகத்தில் இருக்கிற மாதிரியைப் பார்த்துப் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுகிறவன் என் பெண் கல்யாணப் பத்திரிகையை இன்னொருவன் வாசகத்திலா போடுவேன் என்று ரைட்டர் கோபித்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு விடுமுறை, அவரே தனியாக அறையைத் திறந்து உட்கார்ந்து ஒற்றை விரலால் முழுப் பத்திரிகையையும் அடித்தார். அடித்ததை, திருத்தம் இருந்தால் சொல்லட்டும் என்று, அப்படியே சம்பந்தியின் போனுக்கு அனுப்பினார். திரையை நிமிர்ந்து பார்த்தாரா என்று கேட்டால் இன்றைக்கும் பார்த்தேன் என்றுதான் சாதிக்கிறார்.

திங்கட்கிழமை நான் வந்து பூட்டைத் திறப்பதற்குள் தலைமையாசிரியர் சந்தில் நின்றிருந்தார். கையில் அச்செடுத்த தாள். ரைட்டர் பின்னாலேயே வந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க! ஒரு போன் பண்ணிருந்தா நானே வந்திருப்பேனே. உக்காருங்க. பத்திரிகை எப்படி?"

தலைமையாசிரியர் உட்காரவில்லை. "அது விஷயமாத்தான் வந்தேன். உங்க மனசுல ஏதாவது இருந்தா நேர்ல சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம்."

"என்ன இருக்கு?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பள்ளியில் சுற்றறிக்கை படிப்பது போலப் படித்தார்.

"'இரு வீட்டார், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவோடும் முழு மனதோடும் எழுதிக் கொடுத்ததுதத்துடன், என் மகள் திருமணம் நடைபெற உள்ளது.'" நிறுத்தினார். "இது கூடப் பரவாயில்லை. பின்னால வர்றத கேளுங்க. 'மணமக்கள், மேற்படி சொத்தில் எவ்வித முன் வில்லங்க விவகாரமும் இல்லையென்றும், பின்னிட்டு ஏதேனும் இருப்பதாகத் தெரியவரும் பட்சத்தில் அதை நானே முன்னின்று எனது சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் நிவர்த்தி செய்து கொடுக்க உறுதி கூறுகிறேன் செல்வங்களும் பெற்று வாழ, அனைவரும் வருக.'"

நான் மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"சம்பந்தி," என்றார் தலைமையாசிரியர், குரலைத் தாழ்த்தி. "பொண்ணுக்கு முன் வில்லங்கம் இருக்கான்னு நாங்க கேக்கவே இல்லையே? கேக்காமலே இல்லைன்னு எழுதிக் குடுத்தா, ஏதோ இருக்கும்போலன்னு வீட்ல பொம்பளைங்க பேச மாட்டாங்களா? நேத்திலேருந்து என் தங்கச்சி சாப்பிடல."

ரைட்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "நான் இத எழுதல" என்றார். "என் எழுத்துத்தான். ஆனா நான் எழுதல."

இதைக் கேட்டதும் தலைமையாசிரியருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

ரைட்டர் ஆய்தம் இல்லாமல் வைத்த ஷார்ட்கட்டுகளின் வேலை இது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். "சார், ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்க" என்று தலைமையாசிரியரைக் கூப்பிட்டேன். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, "நான் சகல செல்வங்களும்னு அடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு 'சகல' என்று அடித்தேன். 'ல' விழுந்ததுதான் தாமதம், அந்த மூன்றெழுத்து மறைந்து வில்லங்கப் பாரா மடை திறந்த மாதிரி கொட்டியது. 'சம்மதம்' என்று அடிக்கப் போனேன். 'சம்ம' வரைக்கும்தான் போக முடிந்தது. எவருடைய தூண்டுதலும் இன்றி என்று ஆரம்பித்துவிட்டது.

தலைமையாசிரியர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் அடிக்கலாமா?" என்றார்.

அடித்தார். கொட்டியது. அழித்துவிட்டு மறுபடியும் அடித்தார். மறுபடியும் கொட்டியது. அளந்து பேசுகிற அந்த மனிதர் முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் தானாகவே பெஞ்சில் உட்கார்ந்தார்.

ரைட்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்குள் விஷயம் வீட்டுக்குப் போய், கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்த மகள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். தாளை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"மேற்படி சொத்தா? நானாப்பா?"

"தாயி, அது கம்ப்யூட்டர் பண்ணுன வேல..."

"பின்னிட்டு வில்லங்கம் வந்தா சொந்தச் செலவுல சரி பண்ணிக் குடுப்பீங்களா? அப்ப அவங்க வீட்ல நான் சண்ட போட்டா நீங்கதான் வரணும்." மாமனாராகப் போகிறவரைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, எங்க அப்பா எழுதிக் குடுத்துட்டாங்க. உங்க பையனுக்கும் ஒண்ணு எழுதி வாங்கிக்கலாமா?"

ரைட்டர் அலறாத குறை. "ஏய்! பெரியவங்ககிட்ட..."

"கேக்கட்டும் சம்பந்தி, நியாயம்தானே" என்றார் தலைமையாசிரியர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. என் பக்கம் திரும்பினார். "அடிம்மா. சகலன்னு ரெண்டு தட்டு தட்டு. பையனுக்கும் சேத்து நான் கையெழுத்துப் போடுறேன்."

அடித்தேன். வெறும் வெள்ளைத் தாளில்தான். கையெழுத்துப் போட்டார். ஜெராக்ஸ் கடைக்காரரும் டீக்கடைக்காரரும் சாட்சி. தலைமையாசிரியர் அங்கிருந்தே தங்கைக்குப் போன் போட்டு, சாப்பிடச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு ரைட்டரும் நானும் உட்கார்ந்து ஷார்ட்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'நல்ல' என்பதற்கு நல்ல நிலையில் உள்ள நஞ்சை என்று வைத்திருந்தார். 'அப்பா' என்பதற்குப் பூர்வீகச் சொத்து முழுவதும். 'அப்பா' என்கிற சொல்லையே பத்திரிகையில் அவர் எழுதாமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம். எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று புள்ளி வைத்தேன். புதுப் பத்திரிகையை நான் அடித்தேன், அவர் படித்தார், அவர் மகள் சரி பார்த்தாள். மூவரும் பார்த்த பிறகுதான் அச்சகத்துக்குப் போயிற்று.

ஆனால் பழையதை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. தலைமையாசிரியர் வீட்டிலிருந்து அது போன் போனாகப் போய்விட்டது. கல்யாணத்தன்று மண்டபத்தில் ரைட்டரைப் பார்த்த உறவுக்காரர்களெல்லாம் "சுயநினைவோடதான் வந்திருக்கோம்" என்று சொல்லித்தான் கை குலுக்கினார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையில் ஏறி, முன் வில்லங்கம் பற்றி ஏதோ கேட்டு அவனைச் சிவக்க வைத்தார்கள். ரைட்டர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே இருந்தார். நாலைந்து தரம் கேட்ட பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் அவர் காலில் விழுந்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எந்த விசேஷத்துக்கும் வாசகம் வைத்திருக்கிற மனிதர், ஏதாவது நீளமாகச் சொல்லி ஆசீர்வாதம் செய்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அட்சதை கையிலேயே இருந்தது. மகளைத் தூக்கி நிறுத்தினார்.

"காலைலேருந்து ஏதாவது சாப்ட்டியா?" என்றார்.

"இல்லப்பா."

"வா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு பந்திக்கு நடந்தார். மாப்பிள்ளை மாலையைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான்.